லிஸ் வயலில் ஜேசிபி இறக்கலாமா?

கேள்வி: அயர்லாந்தின் கெர்ரியில் எங்கள் பண்ணை. உயில்படி நிலம் எனக்கு வந்தது. ஒரு வயலுக்கு 'லிஸ் வயல்' என்று பெயர். நடுவில் வட்டமாக ஒரு பழைய மண்கரை. அதில் பாதியை அப்பாவே 1970-களில் தட்டிவிட்டார். மீதியைச் சமன் செய்யப் போனால், அது தேவதைக் கோட்டை, கைவைத்தால் குடும்பம் விளங்காது, வழக்குப் போடுவேன் என்கிறாள் அக்கா. என்ன செய்வது?

பதில்: அக்காவின் சாபம், பாட்டி சொன்ன கதை, உயில் சண்டை எல்லாம் இருக்கட்டும். வயலின் பெயரும் சட்டப் பாதுகாப்பு தராது. (ஐரிஷ் மொழியில் 'லிஸ்' என்றாலே இப்படி வட்ட மண்கரை சூழ்ந்த பழங்காலக் கோட்டைதான், ஊர்க்கதைகளில் அது தேவதைகளின் வீடு. அதனால் பெயர் பொய் சொல்லவில்லை.) பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அரசின் தொல்சின்னப் பதிவேட்டு வரைபடத்தில் உங்கள் வயலில் வட்டம் போட்டிருக்கிறதா? இருந்தால் 1994-ஆம் ஆண்டுத் தேசிய நினைவுச்சின்னங்கள் திருத்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு உங்களைப் பிடிக்கும்: அங்கே வேலை தொடங்க இரண்டு மாதம் முன்பே அமைச்சருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். 2023-இல் வந்த புதுச் சட்டம் கட்டம் கட்டமாக அமலாகிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கட்சிக்காரர்கள் விழுகிற குழி, "அப்பாவே இடித்தார், இனி என்ன மிச்சம்" என்பது. கரை போனாலும் அதைச் சுற்றி வெட்டிய அகழி மண்ணுக்கடியில் அப்படியே இருக்கும். நல்ல வறட்சியில் பாருங்கள், வயலெல்லாம் காய்ந்து கிடக்க அகழித் தடம் மட்டும் பச்சை வளையமாகத் தெரியும். பதிவேட்டில் தரைமட்டமான கோட்டைகளும் உண்டு. வரைபட வட்டம் கரையைவிடப் பெரிதாகவே இருக்கும்.

இன்னொன்று, அந்த இரண்டு மாத அறிவிப்பு. அது அனுமதி அல்ல. "கடிதம் போட்டேன், பதிலே வரவில்லை" என்று வண்டியை வரச் சொல்லிவிடுகிறார்கள். அந்த இரண்டு மாதத்துக்குள் அமைச்சர் பாதுகாப்பு ஆணை போடலாம். 2012-இல் கெர்ரியிலேயே, கிளாஷ்மீல்கான் கோட்டையை அழித்த விவசாயிக்கு டிராலி நீதிமன்றம் 25,000 யூரோ அபராதம் விதித்தது. அப்புறம் பண்ணை மானியத்திலும் கை வைப்பார்கள். இத்தனைக்கும் 30 மீட்டர் அகலக் கோட்டை என்றால் உங்களுக்கு மிஞ்சுவது கால் ஏக்கர்கூட இல்லை.

அக்கா வழக்கே போட வேண்டாம், தேசிய நினைவுச்சின்னப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். உயிலில் தனக்கு நியாயம் செய்யவில்லை என்று வாரிசுரிமைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவில் கேட்கவும் அவருக்கு, உயில் நிர்வாக உத்தரவு கிடைத்ததிலிருந்து ஆறு மாதம் உண்டு. பேசாமல் சமாதானமாகப் போங்கள். கோட்டையைத் தொடமாட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொடுங்கள், உயிலில் உரிமை கோரமாட்டேன் என்று அவரிடம், தனி வக்கீல் வைத்து, எழுதி வாங்குங்கள். சுற்றி வேலி போடுவதானால் அந்த வட்டத்துக்கு வெளியே போடுங்கள். வேலிக்கால் குழியும் தோண்டுவதுதான்.