இடுப்பு எலும்பு முறிவு: மருத்துவமனையின் தரத்தை எதை வைத்து அளப்பது?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். என் 82 வயது அம்மா ஒன்பது நாட்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள்தான் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் இரவு பகல் தெரியாமல் ஏதேதோ பேசுகிறார். இந்நாட்டில் ஒவ்வொரு மருத்துவமனையின் இடுப்பு எலும்பு முறிவுச் சிகிச்சையையும் கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதை வைத்து அம்மாவுக்குக் கிடைத்த சிகிச்சை சரியானதுதானா என்று அறிய முடியுமா? இனி நான் என்ன கேட்க வேண்டும்?

மருத்துவர் பதில்: உங்கள் நண்பர் சொன்னது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு ஒரு மருத்துவமனை நூற்றுக்கணக்கான நோயாளிகளை எப்படிக் கவனித்தது என்பதைத்தான் காட்டும். உங்கள் தாயாருக்கு என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. எனினும் மருத்துவமனைகளை அளக்கப் பயன்படும் அதே அளவுகோல்களை அம்மாவின் சிகிச்சைக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, வார்டு மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பிரிட்டனின் முதியோர் மருத்துவச் சங்கமும் எலும்பியல் சங்கமும் சேர்ந்து 2007இல் தேசிய இடுப்பு எலும்பு முறிவுத் தரவுத்தளத்தைத் தொடங்கின. சுவீடன் இத்தகைய பதிவேட்டை 1988லேயே தொடங்கியிருந்தது. இன்று இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் இந்த முறிவோடு வரும் முதியவர்களின் விவரங்கள் அதில் பதிவாகின்றன. வார்டுக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆயிற்று, வலியைத் தணிக்கத் தொடையின் மேற்பகுதியில் நரம்பு மரப்பு ஊசி போடப்பட்டதா, முதியோர் நல மருத்துவர் எப்போது பார்த்தார், அறுவை சிகிச்சை எப்போது நடந்தது, மறுநாள் நோயாளி எழுந்தாரா, குழப்பம் ஏற்பட்டதா, பழைய வீட்டுக்கே திரும்பினாரா, 120 நாட்களுக்குப் பிறகும் எலும்பு மருந்தைத் தொடர்கிறாரா என்பதெல்லாம் மருத்துவமனை வாரியாக இணையத்தில் எவரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது.

இந்தக் கணக்கெடுப்பு வெறும் காகித வேலையாக நின்றுவிடவில்லை. 2007இல் சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை பெற்றவர்கள் இங்கிலாந்தில் 54.5 சதவீதம், 2011இல் அது 71.3 சதவீதமாக உயர்ந்தது. அதே காலத்தில் 30 நாட்களுக்குள் இறந்தவர்களின் விகிதம் 10.9லிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தது. 2010 முதல் இங்கிலாந்தில் இன்னொரு ஏற்பாடும் சேர்ந்துகொண்டது: 36 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை, 72 மணி நேரத்துக்குள் முதியோர் நல மருத்துவரின் பரிசோதனை உள்ளிட்ட எல்லா நிபந்தனைகளும் ஒரு நோயாளிக்கு நிறைவேறினால் மட்டுமே அவருக்காக மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை கிடைக்கும், ஒன்று தவறினாலும் கிடையாது. அந்தப் பண ஏற்பாடு இல்லாத ஸ்காட்லாந்தோடு ஒப்பிட்டபோது, இங்கிலாந்தில் இறப்பு விகிதம் கூடுதலாகக் குறைந்திருந்தது தெரியவந்தது.

இனி உங்கள் அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை என்றால் 36 மணி நேரம் என்ற வரம்பு பெரும்பாலும் கடந்திருக்கும். ஏன் தாமதமாயிற்று என்று நேராகவே கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அவர் உட்கொண்ட மருந்தின் வீரியம் குறையக் காத்திருந்தார்கள் என்றால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. அறுவை அரங்கில் இடமில்லை என்றோ, எக்கோ பரிசோதனைக்காக (இதயத்தின் ஒலி அலை ஸ்கேன்) காத்திருந்தோம் என்றோ சொன்னால், அது உங்கள் அம்மாவின் உடல்நிலையால் வந்த தாமதமல்ல, மருத்துவமனையின் நடைமுறையால் வந்த தாமதம். அதை எழுத்தில் தெரிவியுங்கள். குற்றம் சாட்டும் தொனி தேவையில்லை, நாளும் நேரமும் எழுதினால் போதும்.

அந்தத் தாமதத்தால்தான் குழப்பம் வந்ததா என்று உறுதியாகக் கூற இயலாது. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், முறிவு உறுதியானதிலிருந்து ஏறத்தாழ 6 மணி நேரத்தில் அறுவை சிகிச்சை பெற்றவர்களை 24 மணி நேரத்தில் பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, இறப்பு விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் திடீர் மனக்குழப்பம் முதல் குழுவில் குறைவாக இருந்தது. வலியோடு, பட்டினியோடு, அறிமுகமில்லாத இடத்தில் படுத்திருக்கும் நேரம் நீள நீள, வயதானவரின் மூளை தடுமாறுவது எளிதாகிறது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, சில வலி மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். எனவே "வயதானால் இப்படித்தான்" என்ற பதிலை ஏற்காமல், காரணத்தைத் தேடினீர்களா என்று கேளுங்கள்.

இங்கே என் வார்டில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். குழப்பத்தைக் கண்டறியும் சோதனையில், டிசம்பரில் தொடங்கி மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி ஆங்கிலத்தில் கேட்டபோது ஒன்றும் பேசாமல் படுக்கை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். மனக்குழப்பம் என்று குறிக்கப்பட்டது. மறுநாள் காலை நான் தமிழில் கேட்டேன். "பங்குனி, மாசி, தை, மார்கழி" என்று தொடங்கி சித்திரை வரை ஓரிடத்திலும் இடறாமல் சொன்னார். ஏட்டைப் பார்த்தால் சோதனை உரிய நேரத்தில் நடந்தது என்றுதான் இருக்கும்; எந்த மொழியில் நடந்தது என்று இராது. உங்கள் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கண்ணாடியும் காது கருவியும் இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் வழக்கமாக எப்படிப் பேசுவார் என்பதை மருத்துவருக்குச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

அடுத்தது எழுந்து நிற்பது. எலும்பு கூடும் வரை காலை ஊன்றக்கூடாது என்ற பழைய எண்ணம் நம் குடும்பங்களில் இன்னும் வலுவாக இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் வந்து எழுப்பும்போது "பாவம், படுத்திருக்கட்டும்" என்று அன்போடு தடுக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுவதே மறுநாள் முழு எடையையும் அந்தக் காலில் வைத்து நிற்பதற்காகத்தான். ஒன்பது நாளாகியும் அவர் நாற்காலியில் உட்காரவில்லை என்றால் இன்றே காரணம் கேளுங்கள்.

மருத்துவமனைப் புள்ளிவிவரங்களைப் பார்க்கும் பலர் இறப்பு விகிதத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். வயது, உடல்நிலை, முன்பு நடந்த விதம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு அதைச் சரிசெய்துதான் வெளியிடுகிறார்கள். அப்படியிருந்தும் ஓராண்டு எண்ணிக்கையில் ஓரிரு சதவீத வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடும். நான் முதலில் பார்ப்பது, எத்தனை பேர் தாம் வாழ்ந்த வீட்டுக்கே திரும்பினார்கள் என்பதைத்தான். வலியைத் தணித்தது, வேளைக்கு உணவு கொடுத்தது, நடக்க வைத்தது, குடும்பத்தோடு பேசியது என்று சிறிய வேலைகள் எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் அந்த எண் உயரும்.

வீட்டுக்கு அனுப்பும் முன், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய்க்கான மருந்து தொடங்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நின்ற நிலையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த 82 வயதானவருக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இரத்தக்குழாய் வழியே ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் என்ற எலும்பு மருந்தைப் பல மருத்துவமனைகள் தருகின்றன; அதற்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டையும் வைட்டமின் டி அளவையும் பார்க்க வேண்டும். வெயில் குறைந்த இந்நாட்டில், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் தாய்மார்களிடம் வைட்டமின் டி குறைபாடு மிகச் சாதாரணம். அதைச் சரிசெய்யாமல் அந்த மருந்தை ஏற்றினால் இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

சுமார் நான்கு மாதங்கள் கழித்து மருத்துவமனையிலிருந்து உங்களுக்குத் தொலைபேசி அழைப்பு வரலாம். அம்மா எங்கே இருக்கிறார், எப்படி நடக்கிறார், எலும்பு மருந்தைத் தொடர்கிறாரா என்று கேட்பார்கள். அவருக்கு ஆங்கிலம் வராது என்றால் உங்கள் எண்ணையே இப்போதே கொடுத்துவையுங்கள். அழைப்பு வரும்போது "எல்லாம் சரிதான்" என்று முடித்துவிடாமல், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.