புண்ணின் ஆழமா, அகற்றிய திசுவின் ஆழமா? டெப்ரைட்மென்ட் (புண்ணிலிருந்து கெட்ட திசுவை அகற்றுவது) கோடிங் கேள்வி-பதில்

"புண்ணில் எலும்பு தெரிகிறது" என்று டாக்டரின் நோட்டில் இருக்கிறது. பில்லிங் கோடு 11044 போடலாமா?

அதை மட்டும் வைத்துப் போடக்கூடாது. அமெரிக்க சிபிடி முறையில் (சிகிச்சைகளுக்கான பில்லிங் கோடுகள்), அகற்றிய திசுக்களில் எது மிக ஆழமானதோ அதுதான் கணக்கு. தோலடிக் கொழுப்புத் திசு வரை எடுத்திருந்தால் 11042, ஃபேஷியா (தசையை மூடிய உறை) அல்லது தசை என்றால் 11043, எலும்பையும் எடுத்திருந்தால்தான் 11044. தோலோடு நின்றுவிட்டால் 97597 பக்கம் போங்கள். நான்காம் நிலை (மிக ஆழமான) படுக்கைப் புண்ணாக இருந்தாலும், எடுத்தது கொழுப்புத் திசு மட்டுமென்றால் 11042தான். நிலையைச் சொல்வது எல்89 நோயறிதல் கோடின் வேலை. என்னை அதிகம் கவலைப்படுத்துவது "எலும்பு வரை டெப்ரைட் செய்தோம்" என்ற வரி. எலும்பை எடுத்தார்களா, அதற்கு மேலேயே நிறுத்தினார்களா? ஊகிக்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரே நாளில் மூன்று புண்கள். கொழுப்புத் திசு வரை 12, 15 சதுர செ.மீ.; தசை வரை 10. எப்படிக் கூட்டுவது?

ஒரே ஆழத்தில் இருப்பவற்றை மட்டும் கூட்டுங்கள். 12 + 15 = 27. முதல் 20க்கு 11042, மீதி 7க்கு, கூடுதல் பரப்புக்கான ஆட்-ஆன் கோடு 11045. தசை வரை போன புண் தனி, அதற்கு 11043. வேறு புண் என்று காட்ட 11042இல் மாடிஃபையர் 59 (கோடோடு சேர்க்கும் குறி) தேவைப்படும்.

புண் முழுவதையும் அளக்கலாமா?

கூடாது. டெப்ரைட் செய்த பரப்பு மட்டும்தான்.

உள்நோயாளி நோட்டில் "ஷார்ப் டெப்ரைட்மென்ட்" என்று இருந்தால் எக்சிஷனல்தானே?

அந்தச் சொல் மட்டும் போதாது. உள்நோயாளிச் சிகிச்சைகளுக்கான கோடு முறையான ஐசிடி-10-பிசிஎஸ்ஸில் திசுவை வெட்டி எடுப்பது எக்சிஷன். தோலையோ கொழுப்புத் திசுவையோ சுரண்டி எடுப்பது எக்ஸ்ட்ராக்‌ஷன். ஸ்கால்பெல் பிடித்தும் சுரண்டலாம் இல்லையா? எக்சிஷனல் என்று போட்டால் டிஆர்ஜி (மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகையைத் தீர்மானிக்கும் பிரிவு) மாறக்கூடும் என்பதால் ஆடிட்டர்கள் முதலில் கை வைப்பதும் இங்கேதான். எந்தக் கருவி, எப்படி எடுத்தார்கள், எந்தத் திசு, எவ்வளவு ஆழம், எவ்வளவு பரப்பு என்று எல்லாமே நோட்டில் இருக்க வேண்டும்.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

"எக்சிஷனல் என்று எழுதலாமா?" என்று கேட்காதீர்கள், அது பதிலை நாமே ஊட்டுவது. "அகற்றிய திசுவில் மிக ஆழமானது எது, எந்த முறையில் அகற்றினீர்கள்?" என்று கேளுங்கள். அவர் தரும் விளக்கம் தேதியோடு நோயாளியின் பதிவில் சேர்ந்த பிறகு கோடு போடுங்கள்.