ஏர் ரைஃபிள் குண்டின் வேகத்தை அளக்க எந்தக் குரோனோகிராஃப் வாங்கலாம்? எப்படி வைத்துச் சுடுவது?

மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள், கொஞ்ச நாளாகக் குண்டு மேலும் கீழுமாக விழுகிறது, பயிற்சியாளர் வேகத்தை அளந்து பார்க்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு அவள் .22 அங்குலத் தோட்டா ரைஃபிளுக்கு மாறினாலும் அதே கருவி உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோவையில் ஒரு ரேஞ்சில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் எங்களிடம் வந்த ஒரு பெண்ணுக்கு இதே தொல்லை இருந்தது. தொடர்ந்து சுட்டால் கூட்டமாக விழும். மூச்சு வாங்க ஐந்து நிமிடம் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு எடுத்தால், அடுத்த குண்டு மட்டும் கொஞ்சம் மேலே போகும். மனப்பதற்றம் என்றே எல்லோரும் அவளிடம் சொன்னோம். அவளும் நம்பிவிட்டாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம். குரோனோகிராஃபை வைத்துச் சுட்டபோது முதல் குண்டு விநாடிக்கு 176 மீட்டர் காட்டியது. அடுத்து 170, 169, 169. பத்து நிமிடம் விட்டுச் சுட்டோம், மறுபடியும் 176. கோளாறு ரெகுலேட்டரில் இருந்தது. சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை இருக்கும் காற்றை ஒரே அளவாகக் குறைத்துக் கொடுப்பது ரெகுலேட்டரின் வேலை. உள்ளே சீல் தேய்ந்திருந்ததால், துப்பாக்கி சும்மா இருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

6 மீட்டர் வித்தியாசம் பெரிதா என்று தோன்றும். 170 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 10 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் கீழிறங்கும். 176-இல் போனால் 16-க்குக் கொஞ்சம் குறைவு. அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வித்தியாசம். இந்தப் போட்டி அட்டையில் 0.25 மில்லிமீட்டர் விலகினால் 0.1 புள்ளி போய்விடும். முழுப் புள்ளியான 10.9-இல் விழ வேண்டிய குண்டு 10.5-இல் விழுகிறது. பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பாப்பாவின் கையையும் மனத்தையும் குறை சொல்வதற்கு முன்னால் வேகத்தை அளந்துவிடுங்கள்.

இனி எது வாங்குவது. இரண்டு ஒளி சென்சார் வைத்த பழைய பாணிப் பெட்டிதான் இன்றைக்கும் விலை குறைவு. குண்டு முதல் சென்சாரின் மேல் நிழல் வீசிப் போகும், பிறகு இரண்டாவதின் மேல். நடுவே ஆன நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடும். பல மாடல்களில் சென்சார்களுக்கு நடுவே ஓர் அடிதான் இடைவெளி. குழல் வாயிலேயே மாட்டும் சின்னக் குழாய் வகையும் உண்டு. உள்ளேயே அகச்சிவப்பு விளக்கு இருப்பதால் வெளி வெளிச்சத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் குழலோடு நேர்க்கோட்டில் மாட்டாவிட்டால் குண்டு உள்ளே உரசும். பல குழாய்கள் ஏர்சாஃப்ட் பொம்மைத் துப்பாக்கிக்கென்றே செய்தவை, அதைப் பார்த்து வாங்குங்கள். மூன்றாவது ரேடார். கார்மின் செரோ சி1 ப்ரோ 2023-இல் அமெரிக்காவில் 600 டாலர் விலையில் வந்தது. துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுட வேண்டியதுதான், குண்டு எதற்குள்ளும் நுழைந்து போக வேண்டியதில்லை. லாப்ரேடார் என்ற இன்னொரு ரேடார் அதற்கு முன்பே வந்தது, ஆனால் ஏர் ரைஃபிளின் மெல்லிய சத்தத்துக்கு அது சரியாக அளக்கத் தொடங்காது, தனி மைக் வைக்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு துப்பாக்கியைச் சோதிக்க ரேடார் வாங்காதீர்கள். கிளப்பில் பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் நியாயம். உங்களுக்கு ஒளி சென்சார் பெட்டி போதும் என்பதே என் கருத்து. கூடவே அதற்கான அகச்சிவப்பு விளக்குச் சட்டத்தையும் வாங்கிவிடுங்கள்.

ஏனென்றால் ரேஞ்சுக்குள் டியூப் லைட் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். குண்டே போகாதபோது எண் வரும், குண்டு போகும்போது வராது. வெளியில் வைத்து அளப்பதாக இருந்தால் உச்சி வெயிலைவிட மேகம் மூடிய நாள் நல்லது. வெயில் நாளில் மேலே வெள்ளைத் தகடு மாட்டாமல் அளக்காதீர்கள்.

பெட்டியை வைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். குழல் வாயிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். கிட்டே வைத்தால் குண்டுக்குப் பின்னால் வரும் காற்றின் வீச்சையும் அது எண்ணிவிடும். திரும்பத் திரும்ப 340, 350 என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது ஏறக்குறைய ஒலியின் வேகம். பெட்டி குண்டைப் பார்க்கவில்லை, வெடிப்பைப் பார்த்திருக்கிறது.

பெட்டி குழலுக்கு நேராக, மட்டமாக இருக்க வேண்டும். 5 டிகிரி கோணினால் வேகம் 0.4 சதவீதம் குறைத்துக் காட்டும், 10 டிகிரி கோணினால் 1.5 சதவீதம். 170-இல் அது இரண்டரை மீட்டர், நீங்கள் தேடும் கோளாறில் ஏறக்குறைய பாதி. ஒரு ரசமட்டம் போதும் சரிபார்க்க.

இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் பார்ப்பது குழலுக்கு மேலே இருக்கும் சைட் (குறிபார்க்கும் கருவி) வழியாக, குண்டு போவது அதற்குச் சில சென்டிமீட்டர் கீழே. ஸ்கோப் மாட்டிய துப்பாக்கியில் இது ஐந்து ஆறு சென்டிமீட்டர் வரை இருக்கும். ஸ்கோப்பில் பாதை தெளிவாகத் தெரிந்ததால் சுட்ட ஒரு பையன், கிளப் பெட்டியின் முன் சென்சாரை உடைத்துவிட்டான். ஈயம் தெறித்துத் திரும்பி வந்தது, கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. பாதையைச் சரிபார்க்கும்போது துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று, குழல் வாயின் உயரம் இரு சென்சார்களுக்கும் மேலே எங்கே போகிறது என்று ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். பிறகு துப்பாக்கியைத் தாங்கியில் வைத்தே சுடுங்கள், கையில் பிடித்து வேண்டாம். இருவருக்கும் கண்ணாடி கட்டாயம்.

மூன்று குண்டு சுட்டு முடிவு கட்டாதீர்கள். குறைந்தது பத்து. ஒரே டப்பாவிலிருந்து எடுத்த பெல்லட்டாக (ஏர் ரைஃபிள் குண்டாக) இருக்கட்டும். சீல் மாற்றிய பிறகு அந்தப் பெண்ணின் துப்பாக்கியில் வந்த எண்கள் என் நோட்டில் இருக்கின்றன: 168, 170, 169, 171, 169, 170, 168, 170, 171, 169. சராசரி 169.5. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 3. நல்ல மேட்ச் (போட்டி) துப்பாக்கிக்கு இது போதும். இந்தப் பத்துக்கு அப்புறம் பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டு ஒரு குண்டு சுடுங்கள். ரெகுலேட்டரின் கதை அந்த ஒரு குண்டில் தெரிந்துவிடும்.

0.53 கிராம் பெல்லட்டுக்கு 169.5 மீட்டர் என்றால் ஆற்றல் சுமார் 7.6 ஜூல். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் போனாலோ, குழல் .177 அங்குலத்தைத் தாண்டினாலோ ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் வேண்டும். மேட்ச் துப்பாக்கி அந்தப் பக்கமே போகாது. ஸ்பிரிங் மாற்றிய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும், வேகம் ஒரு சதவீதம் கூடினால் ஆற்றல் இரண்டு சதவீதம் கூடும்.

.22-க்கும் இதே பெட்டி ஆகும். குழல் வாயிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். மேட்ச் தோட்டா 320, 330 மீட்டரில் போவதால், வெடிப்பின் எண்ணையும் குண்டின் எண்ணையும் பார்த்துப் பிரிப்பது கடினம். தூரம்தான் காப்பாற்றும்.

அளந்ததும் பத்து எண்களையும் அந்தப் பதினோராவதையும் பெல்லட்டின் எடையோடு இங்கே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.