உப்புக்காற்றும் ஒரு பழைய பீரோவும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: என் கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோவுக்குப் பதினோரு வயது. அடித்தகடு துருப்பிடித்துப் பொரிந்து, ஒரு மூலையில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. டிங்கர் வேலை பார்த்து பெயின்ட் அடிக்க 3,500 ரூபாய் கேட்கிறார்கள். போனில் பார்த்தால் மூன்று கதவு வைத்த மர அலமாரியே 8,999 ரூபாய்க்கு வருகிறது. மாமியார், "பழசைப் போட்டுட்டுப் புதுசு வாங்கு" என்கிறார். என்ன செய்யலாம்?
(தங்கச்சிமடம் வாசகி)

பதில்: மாமியாரே புதுசு வாங்கச் சொல்கிற வீடு அபூர்வம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

முதலில் பீரோவைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டுப் பாருங்கள். துரு எதுவரை ஏறியிருக்கிறது? நம் கடற்கரைப் பக்கத்துப் பீரோக்களில் பெரும்பாலும் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குத்தான் அரித்திருக்கும். மேலே கதவும் பக்கத் தகடும் தட்டினால் இன்னும் கணீரென்று இருக்கும். பழியைக் கடற்காற்றின் மேல் போடுகிறோம். காற்றுக்கும் பங்கு உண்டு, உப்பு படிந்த இடத்தில் ஈரம் நிற்கும், ஈரம் நின்றால் துரு வேகமாகப் பிடிக்கும். ஆனால் அடித்தகட்டை முதலில் தின்பது வீடு துடைக்கிற தண்ணீர். கரையோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதில் மாப்பை முக்கி, தினமும் காலையில் பீரோவின் காலடியில் ஒரு இழுப்பு. பதினோரு வருஷம் இப்படி உப்பு ஊட்டினால் எந்தத் தகடு தாங்கும்? எங்கள் வீட்டு பீரோவும் இப்படித்தான் போனது. அம்மா ஒருநாள் கீழ்த்தட்டில் பட்டுப்புடவையை எடுத்தபோது, புடவையோடு துருத்தூளும் வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

இப்போது அந்த 8,999 ரூபாய் அலமாரி. விவரத்தைக் கீழேவரை தள்ளிப் படியுங்கள். "எஞ்சினியர்டு வுட்" என்றோ "பார்ட்டிகிள் போர்டு" என்றோ எழுதியிருக்கும். மரச்சீவலையும் தூளையும் பசை போட்டு அழுத்திய பலகை, மேலே மரம்போல ஒரு தாள். அறுத்த விளிம்பு வழியாக ஈரம் இறங்கினால் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும், திரும்ப அமுங்காது. கீல் ஸ்க்ரூ ஒருமுறை பிடி விட்டால் அதே ஓட்டையில் மறுபடி இறுகாது. நம் ஊர் ஆசாரியிடம் கொண்டுபோனால் பார்த்துவிட்டுச் சிரிப்பார். பார்ட்டிகிள் போர்டு எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். மாடியில், ஈரம் அண்டாத அறையில், புத்தகம் வைக்க இருக்கட்டும். மாப் தண்ணீர் படுகிற தரைத்தளத்துக்கு அது ஆகாது.

அதனால் 3,500 ரூபாய்க்குச் சரிசெய்யுங்கள். ஆனால் டிங்கரிடம் பேசிவிட்டுக் கொடுங்கள். துருவின் மேலேயே பட்டி பார்த்து, தேய்த்து, பளபளவென்று ஸ்ப்ரே அடித்துத் தருவது ஒரு வேலை. அது அடுத்த மழைக்குள் கொப்பளித்துவிடும். அரித்த அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்வது இன்னொரு வேலை. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவது. மீதித் துருவைத் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டச் சொல்லுங்கள், பிறகு துருவைத் தடுக்கிற ரெட்டாக்சைடு பிரைமர் இரண்டு பூச்சு, அதற்கு மேல்தான் எனாமல். அடித்தகட்டின் கீழ்ப்பக்கத்தையும் விடக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத பக்கம் என்று பெயின்டர்கள் அதை விட்டுவிடுவார்கள். பெயின்ட் அடிக்கும் முன்பு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அந்த ஆட்டோ செலவு வீண் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நாலு காலுக்கும் கீழே கிரானைட் துண்டு வையுங்கள். கல் கடையில் கழிவுத் துண்டு சும்மாவே தருவார்கள். இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால் மாப் தண்ணீர் எட்டாது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புப் படிவு போய்விடும்.

பின்னாளில் புது பீரோ வாங்குவதானால் ஒன்று: கேஜ் எண் கூடினால் தகடு மெலிசு. 20 கேஜ் தகட்டைவிட 24 கேஜ் மெல்லியது. "இருபத்திநாலு கேஜ், ஹெவி" என்று ஒரு கடைக்காரர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: பாத்திர ஸ்டாண்ட் வாங்கும்போது காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர், துருப்பிடிக்காது என்கிறார்களே, உண்மையா?
(தேவிபட்டினம்)

பதில்: பாதி உண்மை. காந்தம் நன்றாக ஒட்டினால் அதில் நிக்கல் அநேகமாக இல்லை என்று தெரியும். ஒட்டவில்லை என்பதால் மட்டும் துருவை நன்றாகத் தாங்குகிற 304 ரகம் ஆகிவிடாது. விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, கடற்கரை வீட்டில் அது செம்புள்ளி விடும். பில்லில் "எஸ்எஸ் 304" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போகலாம். இன்னொன்று, உப்பு ஜாடியை அந்த ஸ்டாண்டில் வைக்காதீர்கள். 304-ஐயும் உப்பு விடாது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கட்டிலின் தலைப்பலகை விரிசலோடு வந்தது. பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறது கம்பெனி. பெட்டியைப் பிரிக்காமல் விரிசல் எப்படித் தெரியும்? வழக்குப் போட மதுரைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டுமா?
(பெரியபட்டினம்)

பதில்: உங்கள் கேள்வியிலேயே நியாயம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் ஒரு கெடு போட்டிருந்தால் அந்தக் கெடு, போடாவிட்டால் 30 நாள். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று அச்சடித்த வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. ஆனால் கலர் பிடிக்கவில்லை என்பது குறை ஆகாது. அங்கே கடையின் விதிதான்.

விரிசலைப் படம் எடுத்து, பில்லையும் சேர்த்து, கம்பெனிக்கு மெயிலில் எழுத்தாக அனுப்புங்கள். போனில் பேசியது காற்றோடு போகும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ராமநாதபுரம் போனால் போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை பெட்டி வந்ததும், பிரிப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுக்கச் சொல்லிப் பையன் கையில் போனைக் கொடுங்கள்.

கேள்வி: விசைப்படகில் போகிறேன். கட்டில், மெத்தை சேர்த்து 24,000 ரூபாய், வட்டியில்லாத் தவணை, மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு மாதம். பிராசஸிங் கட்டணம் 1,199 மட்டும். எடுக்கலாமா?
(மண்டபம்)

பதில்: கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மொத்தப் பணமும் கையில் தர்றேன், என்ன விலை?" 21,500 என்று இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 21,500 ரூபாய்ப் பொருளுக்கு நீங்கள் கட்டப்போவது 25,199. கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள், மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வரும், எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு மாதம் இரண்டே முக்கால் வட்டியை ஒட்டி வருகிறது. தெருவில் இரண்டே முக்கால் வட்டிக்குக் கடன் என்றால் யோசிக்காமல் விடுவோமா? வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை, வட்டியைக் கட்டணத்துக்குள் ஒளித்து வைக்கிறார்கள் என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதிவிட்டது. விலை இறங்கவே மாட்டேன் என்றால் அந்தக் கட்டணம்தான் வட்டி, அப்போது கணக்கு அவ்வளவு மோசமில்லை.

உங்களுக்கு இன்னொரு சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், தவணை நிற்காது. கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம். தவணையில்தான் வாங்க முடியும் என்றால் தடை முடிந்து கடலுக்குப் போன பிறகு வாங்குங்கள். ஜூலையில் முதல் தவணை, ஒன்பது மாதத் திட்டம், மார்ச்சோடு தீர்ந்துவிடும். பன்னிரண்டு மாதம் என்றால் எப்போது ஆரம்பித்தாலும் ஒரு தடைக்காலம் உள்ளே வந்துவிடும்.

கேள்வி: மாதச் சாமான் மொத்தமாகப் பெரிய பாக்கெட்டில் வாங்குவதுதான் மிச்சம் என்று என் கணவர் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிக்கிறார். எனக்கென்னவோ சந்தேகம்.
(கீழக்கரை)

பதில்: சந்தேகம் சரிதான். இப்போது பாக்கெட்டில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராம், ஒரு மில்லி அல்லது ஒரு கிலோ என்ன விலை என்றும் சின்ன எழுத்தில் இருக்கும். அதை ஒப்பிடுங்கள். ஷாம்புவில் பல சமயம் சாஷேதான் மலிவு. உதாரணத்துக்கு, 180 மில்லி பாட்டில் 160 ரூபாய் என்றால் மில்லி 89 பைசா. இரண்டு ரூபாய் சாஷேயில் ஐந்தரை மில்லி இருந்தால் மில்லி 36 பைசா. பாட்டில் என்றால் குழந்தைகள் அமுக்குகிற அமுக்கில் இன்னும் கூடும்.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் நம் வீட்டில் சர்க்கரை கசியும், பிஸ்கட் நமத்துப்போகும், மசால்பொடி கட்டி பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எதையும் பதினைந்து நாளைக்கு மேல் வாங்க வேண்டாம் என்பேன். மொத்தமாக வாங்கத் தகுந்தது ஒன்று உண்டு, மிளகாய் வற்றல். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயைப் பங்குனி, சித்திரையில் வருஷத்துக்கும் வாங்கிவிடுங்கள். கையில் எடுத்துக் காதருகே குலுக்கினால் விதை கலகலவென்று உருள வேண்டும். சத்தமில்லாமல் கனமாக இருந்தால் ஈரத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறீர்கள். காம்பைக் கிள்ளாமல் இரண்டு நாள் வெயில் காட்டி, மூடி இறுகிய டின்னில் போடுங்கள்.

கேள்வி: ஆச்சியின் பனைநார்க் கட்டில் பின்னல் அறுந்து கிடக்கிறது. சட்டம் நன்றாக இருக்கிறது. நாரில் பின்னுவதா, நைலான் பட்டையா?
(சாயல்குடி)

பதில்: நார் பின்ன ஆள் கிடைத்தால் நார்தான். வேர்வையை இழுக்கும், உடம்பு ஒட்டாது. ஆள் கிடைக்கவில்லை என்றால், நைலான் மோசமில்லை, தொய்ந்தால் நீங்களே இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். கட்டில் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ கிடக்கப் போகிறது என்றால் நைலான் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பின்னுவதற்கு முன் சட்டத்தின் துளைகளில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, உச்சிவெயிலில் காயப் போடுங்கள். மூட்டைப்பூச்சி குடியிருப்பது அங்கேதான்.