ஐப்பசியில் பார்த்தீர்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 34 வயது. கோவையில் மென்பொருள் வேலை. சொந்த ஊர் கோத்தகிரி பக்கம். பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் பலர் தோட்டத்தை விற்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு அவற்றை ஏக்கர் கணக்கில் வாங்கி, சென்ட் கணக்கில் பிரித்து பெங்களூர்க்காரர்களுக்கு விற்கலாம் என்றிருக்கிறேன். முதலில் ஒரு இரண்டு ஏக்கர் பேசி முடித்துவிட்டேன். அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பழைய காலத்து பயம். வேலையை விடலாமா?

கே.

அன்புள்ள கே.,

குன்னூர் சாலையோரம் 'நிலம் விற்பனைக்கு' பலகைகள் பெருகுவதைப் பார்த்து நானே எதையாவது எழுத நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது. சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் லாபக் கணக்கு பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த இரண்டு ஏக்கர் எந்தப் பக்கம் சரிகிறது என்று ஒரு வரி இல்லை. மலையில் பிறந்தவர்தானே நீங்கள்?

வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வங்கி கடன் கொடுப்பது உங்கள் துணிச்சலைப் பார்த்து அல்ல, சம்பளச் சீட்டைப் பார்த்து. வாங்கும்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும். உங்களிடம் வாங்க வருகிறவரும் அதே செலவை மனதில் வைத்துத்தான் விலை பேசுவார். விற்காமல் கிடக்கிற மாதங்களுக்கு வட்டி ஓடும். சென்ட் சென்டாகப் பிரிக்க இது சமவெளியும் அல்ல. ஹாக்கா என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும், 7 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்ப முடியாது, ஜேசிபி இறக்கவே கலெக்டர் ஆபீஸ் படியேற வேண்டும். மனை விற்பனைக்கான ரெரா சட்டம், வருமான வரி பற்றியெல்லாம் ஆடிட்டரைக் கேளுங்கள், என்னை விடுங்கள்.

என் தாய்மாமா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை, விரலெல்லாம் மை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தாலும் வாங்குகிறவரிடம் ஒன்று கேட்பார்: "எடத்தை ஐப்பசியில பாத்தீங்களா?" யார் பார்த்திருப்பார்கள்? எல்லோரும் மலர்க்கண்காட்சிக்கு மே மாதம் வந்து, வெயிலில் பச்சையைப் பார்த்து மயங்கியவர்கள்தான்.

அப்படி ஒருவர் வந்தார். மாமா செக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளை, வாசித்தார். 'கிழக்கே ஓடை' என்று வந்ததும் அவர், "ஓடையே இல்லீங்களே, புல்லுதான் இருக்கு" என்றார். மாமா பேனாவை மூடிவிட்டார். "மழை முடிஞ்சு வாங்க, எழுதித் தர்றேன்." அவர் பக்கத்து மேசைக்குப் போய் அன்றைக்கே பதிவை முடித்துக்கொண்டார். ஓடையில் மண்ணைக் கொட்டி மட்டமாக்கி, மேலே இரண்டு காட்டேஜ், கீழே ஒரு தடுப்புச் சுவர்.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. நீலகிரியில் அந்த நாட்களில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மனிதரின் சுவரும் போனது. சுவர் போகட்டும், திரும்பக் கட்டிக்கொண்டார். ஆனால் ஓடை அடைபட்ட தண்ணீர் வேறு வழி தேடி, கீழே இருந்த முக்கால் ஏக்கர் தேயிலையை மண்ணோடு வாரிக்கொண்டு போய்விட்டது. அந்தத் தோட்டக்காரர் கேஸ் போடவில்லை, வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை. அடுத்த வருடம் மிச்சத்தை விற்றார். வாங்கியவர் யார் என்கிறீர்கள்? மேலே இருந்தவரேதான், பாதி விலைக்கு.

உங்கள் லாபக் கணக்கில் 'நெருக்கடியில் விற்பவரிடம் வாங்கினால் 40 சதவீதம் குறையும்' என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததும் எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. அந்த நெருக்கடியில் விற்கிறவர் உங்கள் ஊர்க்காரர். கல்யாண வீட்டில் உங்களுக்குப் பக்கத்து இலையில் உட்காருகிறவர். அவரிடம் நிலத்தை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை, அவருக்கும் பணம் வேண்டும். மேலே வாங்கினால் கீழே யார் இருக்கிறார் என்று பாருங்கள் என்கிறேன்.

அப்பாவுக்குப் பழைய காலத்து பயம் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தச் சரிவில் எந்த மாதம் தண்ணீர் இறங்கும் என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் பேசாமல் இருக்கிறாரோ என்னவோ. போய்க் கேளுங்கள். முதல் நாள் திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு ஏக்கருக்கு இப்போது அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஐப்பசியில் நாலு நாள் லீவு போட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு, குடையோடு அங்கே நடந்து பாருங்கள். லீவு போடுவதற்காவது அதுவரை வேலையில் இருங்கள்.