நீர்விட்ட கொத்துக்கறியும் தட்டில் வழுக்கும் பாஸ்தாவும்

வணக்கம் மேடம்,

இத்தாலியச் சமையல் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே மாவு பிசைந்து, கறி சாஸ் வைத்துப் பாஸ்தா செய்தேன். அரை கிலோ மட்டன் கொத்துக்கறியைக் கழுவி, வெங்காயம் வதங்கியதும் போட்டேன். உடனே தண்ணீர் விட்டுக்கொண்டு கறி சாம்பல் நிறத்தில் வெந்தது. தக்காளி சேர்த்து முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டும் சாஸ் நீர்க்கத்தான் இருந்தது. தட்டில் பாஸ்தா தனி, அடியில் சிவப்புத் தண்ணீர் தனி. கோதுமை மாவில் வெட்டிய பாஸ்தாவும் கொதிநீரில் துண்டு துண்டாக உடைந்தது.

எங்கே பிசகியது? வீட்டில் மாட்டுக்கறி சமைப்பதில்லை. மட்டனில் செய்தால் சரியாக வருமா? இஞ்சி பூண்டு விழுது சேர்க்கலாமா? பாலும் தக்காளியும் சேர்ந்தால் திரியாதா? வேலைநாள் இரவில் செய்கிற மாதிரி, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற வழி சொல்லுங்கள்.

வாசகி, திண்டுக்கல்

*

வணக்கம்.

உங்கள் சாஸ் கெட்டது தக்காளி போட்ட பிறகு இல்லை, கறியைக் கழுவியபோதே. கொத்திய கறியைக் கழுவினால் ஒவ்வொரு துணுக்கும் நீரைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பிழிந்தாலும் முழுதாகப் போகாது. வாணலியில் நீர் நிற்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி பழுப்பேறி வறுத்த மணம் வருவதோ ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான். ஆக, நீங்கள் வறுக்க நினைத்தீர்கள், கறி அவிந்தது. அந்த ருசியை அப்புறம் முக்கால் மணி நேரம் இல்லை, மூன்று மணி நேரம் கொதிக்கவைத்தாலும் கொண்டுவர முடியாது.

கறியை முழுத்துண்டாக வாங்குங்கள். கழுவ வேண்டுமென்றால் அப்போதே கழுவி, துணியால் நன்றாக ஒற்றி, ஃப்ரீசரில் 20 நிமிடம் வையுங்கள். விறைத்ததும் கத்தியால் பொடியாகக் கொத்துங்கள். மிக்ஸிதான் வசதி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விட்டுவிட்டு மூன்று நான்கு சுற்று போதும். ஒரே ஓட்டமாக ஓட்டினால் கூழாகிவிடும், கூழாகிய கறி வறுபடாது. கடையில் கொத்தி வாங்கினால் கழுவாதீர்கள். கழுவுவதால் கிருமி போவதில்லை, வேகும்போதுதான் போகிறது.

மட்டனில் தாராளமாகச் செய்யலாம், அது இரண்டாந்தரமும் இல்லை. இத்தாலியில் மேய்ச்சல் நிலம் நிறைந்த அப்ருத்சோ மாநிலத்தில் ஆட்டுக்குட்டிக் கறியிலும் இந்த சாஸ் வைக்கிறார்கள், பல வீடுகளில் குடைமிளகாயும் சேர்த்து. மரச்சட்டத்தில் நெருக்கமாகக் கம்பி கட்டி, அதன்மேல் மாவுத் தகட்டை வைத்துக் கட்டையால் உருட்டிச் சதுர இழைகளாக அறுத்தெடுக்கும் பாஸ்தா அதற்குத் துணை. நம் கடைகளில் மட்டன் என்று கிடைப்பது பெரும்பாலும் வெள்ளாடு. அதில் கொழுப்பு குறைவு என்பது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. 400 கிராம் கறிக்கு 75 கிராம் கொழுப்பு தனியாகக் கேட்டு வாங்குங்கள். கொழுப்பு இல்லாத சாஸ் பாஸ்தாவைப் பற்றாது. தட்டில் தண்ணீர் தனியே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லோரும் சொல்லும் போலோன்யா ரகூவுக்கு, அதாவது போலோன்யா நகரத்துக் கறி சாஸுக்கு, எழுதிவைத்த அளவு உண்டு. இத்தாலியச் சமையல் கழகம் 1982 அக்டோபர் 17 அன்று அந்நகர வணிக சபையில் அதைப் பதிவு செய்தது; 2023-ல் திருத்தியது. திருத்திய குறிப்பில் மாட்டுக்கறி 400 கிராம், புகையூட்டாத பன்றி வயிற்றுக்கொழுப்பான பான்செட்டா 150 கிராம், வெங்காயம், கேரட், செலரி தலா 60 கிராம் வாக்கில், வடிகட்டிய தக்காளி 200 கிராம், கெட்டித் தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி, ஒரு கிளாஸ் வைன், விரும்பினால் ஒரு கிளாஸ் பால். வேகும் நேரம் இரண்டு முதல் மூன்று மணி. 400 கிராம் கறிக்குத் தக்காளி எவ்வளவு குறைவு பாருங்கள். இது கறி சாஸ், தக்காளி சாஸில் கறி மிதப்பது இல்லை. பூண்டு, ரோஸ்மேரி, பார்ஸ்லி எல்லாம் கூடாது என்று அந்தக் குறிப்பே சொல்கிறது. சாதிக்காய் மட்டும் ஒரு துளி போகலாம். இஞ்சி பூண்டு விழுது போட்டால் நல்ல கொத்துக்கறி வறுவல் கிடைக்கும், ஆனால் விழுதின் ஈரம் கறியை மறுபடி அவிய வைக்கும், பாலின் இனிப்பும் கேரட்டின் இனிப்பும் அடங்கிப்போகும். இந்த ஒரு சமையலில் விட்டுவிடுங்கள்.

இரண்டு மூன்று மணி நேரம் எதற்கு? கறியிலுள்ள சவ்வு இளகிக் குழம்புக்குக் கொழகொழப்பு கொடுக்க. அந்த வேலையைப் பிரஷர் குக்கர் 20 நிமிடத்தில் செய்துவிடும், உள்ளே சூடு 115 டிகிரிக்கு மேல் போவதால். நேரத்தைச் சுருக்குவதென்றால் இங்கே சுருக்குங்கள். வறுப்பதில் சுருக்காதீர்கள்.

மாவு முதலில், ஏனென்றால் அது அரை மணி நேரம் ஊற வேண்டும். நான்கு பேருக்கு 300 கிராம் மைதா. இத்தாலியில் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது வழக்கம், ஆனால் அங்கே முட்டை பெரிது. நம் முட்டைகளை உடைத்து எடை போடுங்கள்: 300 கிராமுக்கு 165 முதல் 170 கிராம். சின்ன முட்டையென்றால் நாலு வரும், கொஞ்சம் மிஞ்சும். உப்பும் எண்ணெயும் வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் மாவு வறண்டு உதிரும். அப்போது தண்ணீர் தெளிக்கத்தான் கை போகும், தெளிக்காதீர்கள். எட்டுப் பத்து நிமிடம் உள்ளங்கையால் தள்ளித் தள்ளிப் பிசைந்தால் தானாக வழவழப்பாகும். சப்பாத்தி மாவைவிட நன்றாகவே கெட்டியாக இருக்க வேண்டும். கிண்ணம் கவிழ்த்து மூடி வையுங்கள்.

உங்கள் கோதுமை மாவுப் பாஸ்தா உடைந்ததற்குக் காரணம் தவிடு. பசைப்புரதம் வலைபோல இழுபட வேண்டிய இடத்தில் தவிட்டுத் துகள் புகுந்து அறுத்துவிடுகிறது. கோதுமை மாவு வேண்டுமென்றால் மைதாவில் கால் பங்குக்கு மேல் போகாதீர்கள். உப்புமா ரவையைப் பிசையவும் முயல வேண்டாம். பாஸ்தா ரவை டூரம் என்னும் கடினக் கோதுமையில் வருவது, நம் ரவை பெரும்பாலும் சாதாரணக் கோதுமை. ஆனால் வெட்டிய பாஸ்தாவின் மேல் தூவ நம் ரவை மிக நல்லது. மைதாவைத் தூவினால் ஈரம் குடித்துப் பசையாகி ஒட்டவைக்கும்.

மாவு ஊறும் நேரத்தில் சாஸ். போலோன்யா முறையில் காய்கள் முதலில், கறி பிறகு. வீட்டு அடுப்புக்கு அந்த வரிசையை மாற்றிக்கொள்வதுதான் நல்லது. அகலமான இரும்பு வாணலியை நன்றாகச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய ஆட்டுக்கொழுப்பைப் போட்டு உருக்குங்கள், கூட ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். கறியை இரண்டு தடவையாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வாணலி குளிர்ந்து மறுபடி நீர்விடும். பரப்பிவிட்டு மூன்று நிமிடம் கிளறவே கூடாது. காதைக் கொடுத்துக் கேளுங்கள்: முதலில் தண்ணீர் கொதிக்கும் சலசலப்பு, அது வற்றியதும் எண்ணெயில் பொரியும் சடசடப்பு. சத்தம் மாறிய பிறகுதான் வறுபடத் தொடங்குகிறது, அதன்பின் இன்னும் நாலைந்து நிமிடம். உப்பு இப்போது வேண்டாம், அது நீரை இழுத்து வெளியே விடும். வாணலியின் அடியில் பழுப்பாகப் பிடிப்பது ருசி, அதைத் தேய்த்து விரட்டாதீர்கள். கறுப்பாகப் போனால் மட்டும் கசக்கும். ஓரம் கறுக்கத் தொடங்கினால் தீயைக் குறையுங்கள்.

கறியை எடுத்து வைத்துவிட்டு, அதே வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு வெங்காயம், கேரட், செலரித் தண்டு தலா 60 கிராம், மிளகளவுக்கு நறுக்கியது, மிதமான தீயில் எட்டு நிமிடம். செலரி கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், கேரட்டைக் கொஞ்சம் கூட்டினால் போதும். மல்லித்தண்டு அதற்கு மாற்று இல்லை, மணமே வேறு. காய் சுருண்டதும் ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதைப் போட்டு, நிறம் செங்கல் போல மாறும் வரை இரண்டு நிமிடம் வதக்குங்கள். கறியைத் திரும்பச் சேர்த்து 100 மில்லி வெள்ளை வைன் ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். வைன் புழங்காத வீடென்றால் 100 மில்லி சுடுநீரில் ஒரு தேக்கரண்டி வினிகர். அது முழுக்க வற்றி மறுபடி சடசடவென்று கேட்கும் வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். அவசரத்தில் எல்லோரும் வழுக்குகிற இடம் இது: ஒன்று வற்றுவதற்குள் இன்னொன்றை ஊற்றுவது.

பிறகு 200 கிராம் தக்காளிக் கூழ். நாட்டுத் தக்காளி அரைத்து ஊற்றினால் புளிப்பும் நீரும் அதிகம். பெங்களூர்த் தக்காளியைக் கொதிநீரில் போட்டுத் தோலுரித்து, விதையைப் பிழிந்துவிட்டு அரைத்தால் பரவாயில்லை. கெட்சப் ஆகாது, அதிலுள்ள சர்க்கரையும் வினிகரும் மொத்தத்தையும் திசை மாற்றிவிடும். கூழ் கொதித்ததும் எல்லாவற்றையும் குக்கருக்கு மாற்றி, 200 மில்லி எலும்பு வேகவைத்த நீரோ வெறும் சுடுநீரோ ஊற்றி, உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. அடியில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று கரண்டியால் தடவிப் பார்த்துவிட்டு மூடுங்கள். தக்காளி கெட்டியாக அடியில் தங்கினால் கருகும். முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து 20 நிமிடம்.

அதற்குள் பாஸ்தா. மாவை நான்காகப் பிரித்து, ஒன்றை வெளியே எடுத்து மற்றதை மூடியே வையுங்கள். சப்பாத்திக் கட்டையால் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு, பின்னால் கையை வைத்தால் நிழல் தெரியும் அளவுக்குத் தேயுங்கள். தேய்க்கத் தேய்க்கச் சுருங்கினால் மாவு இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு வாருங்கள். தகட்டை ஐந்து நிமிடம் ஆறவிட்டு மேற்பரப்பு உலர்ந்ததும் ரவை தூவிச் சுருட்டி, கூர்மையான கத்தியால் 7 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி உடனே உதறிவிடுங்கள். இதுதான் தால்யத்தெல்லே. வெந்ததும் 8 மில்லிமீட்டராக வேண்டும், தங்கள் ஊர் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-ல் ஒரு பங்கு, என்று போலோன்யாக்காரர்கள் 1972-ல் தங்கத்தில் ஒரு மாதிரியே செய்து அதே வணிக சபையில் வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெருமை இருக்கட்டும், அந்த அகலத்துக்குச் சமையல் நியாயமும் உண்டு. முட்டைப் பாஸ்தாவின் சொரசொரப்பான பட்டையில் கறித்துணுக்கு ஒட்டி நிற்கும். ஸ்பகெட்டியில் வழுக்கி அடியில் போய்ச் சேரும். போலோன்யாவில் இந்த சாஸுக்கு ஸ்பகெட்டி வைக்காததன் காரணமும் அதுதான்.

குக்கரில் ஆவி அடங்கியதும் திறந்தால் சாஸ் நீர்க்கத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். மூடாமல் மிதமான தீயில் ஐந்து முதல் எட்டு நிமிடம் சுண்டவிட்டு, 100 மில்லி கொழுப்பு நீக்காத பாலை, சூடாக, மூன்று தவணையாக ஊற்றுங்கள். குளிர்ந்த பாலை ஒரே மடக்காகக் கொட்டினால் திரியும். கொழுப்பு நிறைந்த பால் சூடாகச் சிறுகச் சிறுக வந்தால் சாஸோடு கலந்துவிடும். துளித்துளியாகத் திரிந்தாலும் கறிக்குள் தெரியாது, ருசிக்குக் கேடில்லை. குக்கருக்குள் மட்டும் பால் வேண்டாம், அடிப்பிடிக்கும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது இரண்டு நொடி மூடாமல் நிற்க வேண்டும், ஓரத்தில் எண்ணெய் பிரிய வேண்டும். அதுதான் பதம். சாதிக்காயை இரண்டு மூன்று தேய்ப்பு இப்போது.

மூன்று லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் உப்பு. எண்ணெய் ஊற்றாதீர்கள், அது பாஸ்தாவின் மேல் படிந்து சாஸை ஒட்டவிடாது. புதுப் பாஸ்தா இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். ஒன்றரை நிமிடத்தில் இடுக்கியால் எடுத்து நேராகச் சாஸில் போடுங்கள். குளிர்ந்த நீரில் அலசும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், மேலிருக்கும் மாவுச்சத்துதான் சாஸைப் பிடிக்கிறது. அந்தக் கொதிநீரில் கால் டம்ளர் விட்டு, தீயில் வைத்து ஒரு நிமிடம் புரட்டுங்கள். கொழுப்பும் நீரும் மாவுச்சத்தும் சேர்ந்து பளபளவென்று பூசிக்கொள்ளும். அடுப்பை அணைத்த பிறகு பார்மிஜானோ என்னும் கெட்டியான இத்தாலியச் சீஸின் துருவல் 40 கிராம். தீ எரியும்போது போட்டால் திரிதிரியாகக் கட்டும். கட்டியாக வாங்கி அப்போதே துருவுங்கள். சாதாரண சீஸ் கட்டிகள் உருகி நூலாக இழுக்கும், இங்கே அது வேண்டியதில்லை.

நேரக் கணக்கு: பிசைய 15 நிமிடம், வறுத்து வதக்க 30, குக்கரும் தேய்ப்பதும் சேர்ந்து 25, கடைசி வேலைகள் 15. ஒன்றரை மணிக்குள் தட்டு வரும். வேலைநாளில் இன்னும் சுருக்க வேண்டுமானால் ஞாயிறன்று இரு மடங்கு சாஸ் வைத்து, பால் சேர்க்காமல் பாதியை ஃப்ரீசரில் வையுங்கள். மூன்று மாதம் தாங்கும். வேலைநாள் இரவில் கடையில் விற்கும் உலர்ந்த முட்டைப் பாஸ்தா, ஆளுக்கு 80 கிராம், பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்துச் சாஸில் புரட்டுங்கள். பாலை, உறைந்த சாஸைச் சூடாக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.