பேட்டியில் அழுதால் ஆய்வு கெட்டுவிடுமா?

கேள்வி: கொழும்பில் முதுமாணி படிக்கிறேன். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்து திரும்பிய பெண்களைக் கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் பேட்டி காண்கிறேன். சம்பளமும் கொடுக்காமல் பூட்டிவைத்த கதையை ஒரு அக்கா சொன்னபோது தாங்க முடியாமல் அழுதுவிட்டேன். மேற்பார்வையாளரோ உணர்ச்சியை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். என் தரவு கெட்டுவிட்டதா?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: கெடவில்லை தங்கச்சி. அழுததை விடுங்கள், அழுத பிறகு என்ன கேட்டீர்கள்? ஒலிப்பதிவை அந்த இடத்திலிருந்து போட்டுக் கேளுங்கள். "சரி அக்கா, அதை விடுங்கோ, பிள்ளைகள் எப்படி?" என்று பேச்சை மாற்றியிருந்தால், சொல்ல வந்தவரின் வாயை அடைத்தது உங்கள் கண்ணீர் இல்லை, உங்கள் அவசரம். கோபம் இதைவிடப் பொல்லாதது. ஏஜென்சிக்காரர் மேல் எரிச்சல் ஏறிவிட்டால் அடுத்த பேட்டியில் "உங்களை ஏமாற்றினவரோ?" என்றுதான் வாயில் வரும், அந்தக் காசில் வீட்டுக்குக் கூரை போட்ட கதை, திரும்பவும் போக நினைக்கிற கதை எல்லாம் வெளியே வராமலே போய்விடும்.

அதுக்காக உணர்ச்சியை வீட்டில் வைத்துவிட்டுப் போக யாரால் முடியும்? ரெனாட்டோ ரொசால்டோ என்ற அமெரிக்க மானிடவியலாளர் பிலிப்பைன்ஸில் இலொங்கோட் மக்களிடையே ஆய்வு செய்தவர். துக்கத்தில் பிறக்கிற ஆத்திரம்தான் முன்பு தங்களை மற்றவர்களின் தலையை வெட்டப் போகவைத்தது என்று அங்குள்ள ஆண்கள் சொன்னபோது, இதற்குப் பின்னால் வேறு ஆழமான காரணம் இருக்கும் என்று பல வருடம் தேடிக்கொண்டிருந்தார். 1981இல் அவருடைய மனைவி, அவரும் மானிடவியலாளர், களப்பணியில் விழுந்து இறந்தார். தனக்குள்ளேயே அந்த ஆத்திரம் கொதித்த பிறகுதான் அவர்கள் சொன்னது அப்படியே உண்மை என்று அவருக்கு விளங்கியது. அதற்காக உங்கள் துக்கமும் அந்த அக்காவின் துக்கமும் ஒன்றென்று எழுதிவிடாதீர்கள், அவர் பட்டது வேறு.

பேட்டி முடிந்த அன்றைக்கே களக்குறிப்பில் தனியாக எழுதுங்கள்: எந்த வசனத்தில் மனம் கலங்கியது, எந்தக் கேள்வியை விழுங்கினீர்கள், யாரைப் பிடிக்காமல் போனது. பகுப்பாய்வு செய்யும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டில் முறையியல் அத்தியாயத்தில் ஒரு பக்கம் போதும், மிச்சம் முழுக்க அந்தப் பெண்களின் இடம். ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்யும்போது மறுபடி மறுபடி அதே அழுகையைக் கேட்க வேண்டிவரும், இரவில் தனியாக இருந்து செய்யாதீர்கள். அப்புறம், உண்மைப் பெயர்கள் இருக்கிற குறிப்பேட்டைப் பேருந்தில் கொண்டு திரியவேண்டாம்.